ஏலாவில் முதல் வீடு

போன வாரம் நான் எடுத்த பயிற்சி வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்து கேட்டாள்: “மேடம், வயலை மண் போட்டு நிரப்பக் கூடாதுன்னு சட்டம் இவ்வளவு தெளிவா இருக்கு. எந்த சர்வே நம்பர் வயல்னு டேட்டா பேங்க்ல கிடக்கு. கமிட்டி இருக்கு. பின்னே எப்படி வருஷா வருஷம் ஏலா சுருங்குது?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அதற்குள் டீ வந்துவிட்டது. அந்தச் சந்தடியில் நானும் நழுவிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. நல்ல கேள்வி கேட்ட பெண்ணை டீயும் வடையும் கொடுத்து உட்கார வைத்துவிட்டோமே என்று இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். திருவனந்தபுரத்தைச் சுற்றியிருக்கும் பஞ்சாயத்து ஆபீஸ்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தமிழ்ப் பிள்ளைகளே, இது உங்களுக்கு. விதிகளைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது.

நெல்லைப் பக்கமோ தஞ்சாவூர்ப் பக்கமோ வளர்ந்தவர்களுக்கு ஏலா என்ற சொல் புதிதாக இருக்கும். இரண்டு மேடுகளுக்கு நடுவே, ஓடையின் இரு கரையிலும் தாழ்ந்து கிடக்கிற வயல்தான் ஏலா. அந்த ஓடையை இங்கே தோடு என்பார்கள். மழை பெய்தால் மேட்டுத் தண்ணீர் முழுவதும் ஏலாவில்தான் வந்து நிற்கும். பிறகு மெல்ல மெல்ல வடிந்து, கோடையில் பக்கத்துக் கிணறுகளுக்கும் தோட்டுக்கும் ஊறும். அதில் நெல் விளைகிறதா இல்லையா என்பது இரண்டாவது கேள்வி.

நான் கிளார்க்காகச் சேர்ந்தபோது எனக்கு வாய்த்த முதல் செயலாளர் ஒரு விசித்திரமான மனிதர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு ஆபீஸ் முழுக்கக் கண்ணாடியைத் தேடுவார். ஆனால் ஆளைப் பார்ப்பதில் கில்லாடி. அவர் மலையாளத்தில் ஒருநாள் சொன்னது, தமிழில் இப்படி வரும்: “ஏலாவில் வருகிற முதல் வீடு ஏழையின் வீடாகத்தான் இருக்கும். பார்த்தால் உனக்கு மனசு இளகும். இளகட்டும். ஆனால் ஆறாவது வீடு யாருடையது என்று கேட்டுவிட்டு இளகு.” எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. சரி சார் என்று தலையாட்டிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

பல வருஷம் கழித்து நானே செயலாளரானேன். பொன்முடிக்குப் போகிற சாலையில், நகரம் முடிந்து ரப்பர் மரங்கள் தொடங்குகிற இடத்தில் என் பஞ்சாயத்து. வீடு நகரத்துக்குள், ஆரியசாலையில். கணவருக்கு அங்கே மிளகாய் மண்டி.

அந்த வருஷம் திருவோணம். ஆரியசாலையில் தமிழர் வீடுகளிலும் ஓணம் உண்டு. சாம்பார் எங்கள் ருசியில் இருக்கும், பாயசம் அவர்கள் ருசியில் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். இலை போட்டு, உப்பேரியும் இஞ்சிக்கறியும் பரிமாறி, சோற்றில் பருப்பை ஊற்றிக் கை வைக்கப் போகிறேன், போன் அடித்தது. ஏலாவில் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, நெல் போடுகிற சுகுமாரன். மூச்சு வாங்கினார். தாழ்ந்த பக்கத்து வயலில் டிப்பர் லாரி மண் கொட்டுகிறது, ஜேசிபி வந்திருக்கிறது, சீக்கிரம் வாருங்கள் என்றார்.

“ஓணத்தன்னிக்கு எந்தப் பைத்தியக்காரன் மண்ணு போடுவான்? சாப்டுட்டுப் போ” என்றார் கணவர்.

பைத்தியக்காரன் போட மாட்டான். காரியக்காரன் போடுவான். நம் ஊரில் வயலை நிரப்புகிறவர்களுக்கு நல்ல நாளே அரசு விடுமுறை நாள்தான். அதிலும் திருவோணத்து மத்தியானம் என்றால், கலெக்டரிலிருந்து கான்ஸ்டபிள் வரை எல்லோரும் இலைக்கு முன்னால் இருப்பார்கள். ஓணம் விடுமுறை முடிந்து நாம் ஆபீஸைத் திறக்கும்போது அங்கே வயல் இருக்காது. அஸ்திவாரம் இருக்கும்.

இலையை மடக்காமல் எழுந்தேன். “மூடி வைங்க, வந்து சாப்பிடறேன்” என்று சொல்லி ஸ்கூட்டரை எடுத்தேன்.

போகிற வழியில் வில்லேஜ் ஆபீசரை அழைத்தேன். மண் போடுவதைத் தடுக்கும் அதிகாரம் அவருக்கு. கட்டடத்தைத் தடுப்பதுதான் எனக்கு. அவர் கண்ணூரில், சொந்த வீட்டில். “ஐயோ மேடமே!” என்றார். மனிதர் நல்லவர். கை கழுவிவிட்டு ஒரு தாளில் தடை உத்தரவு எழுதிப் படம் எடுத்து அனுப்பினார். போலீஸ் ஸ்டேஷனில் கேட்டால், ஆளெல்லாம் நகரத்தில் ஓணக் கூட்டத்துக்குப் போயிருக்கிறார்கள், வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள்.

ஏலாவுக்கு இறங்கும் வழி ஒரு லாரி போகும் அகலம்தான். கீழே ஒரு டிப்பர் மண்ணைக் கொட்டிவிட்டு நின்றது. இன்னொன்று மேலே, வழி தொடங்கும் இடத்தில், பாரத்தோடு நின்றது. பச்சை வயலின் ஓரத்தில் செம்மண் குவியல். அந்தக் குவியலின் மேல் ஒரு வாழையிலையில் தேங்காய் உடைத்து வைத்து, சூடம் கொளுத்தி, புருஷனும் பெண்டாட்டியும் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள்.

சுடலைமுத்து கொத்தனார். பேச்சியம்மாள் சித்தாள். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்து, நம் ஊரில் எத்தனையோ பேருக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, தாங்கள் மட்டும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வாடகை அறையில் கிடந்தவர்கள். இரண்டு பேரும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததைப் போட்டு மூன்று சென்ட் வாங்கியிருந்தார்கள். பத்திரத்தில் அது கரை நிலம், வீட்டு மனை என்று இருந்தது. ஆபீஸ் பதிவில் வயல். அந்தப் பத்திரத்தை எழுத வைத்த புரோக்கர் மோகனன், புது வேட்டியில் மர நிழலில் நின்றிருந்தான்.

“யாரு மண் போடச் சொன்னது?” என்று தமிழில் கேட்டுவிட்டேன். அவ்வளவுதான். பேச்சியம்மாள் முகம் மலர்ந்துவிட்டது.

“அக்கா, நீங்க நம்ம ஆளா! ஏங்க, பாத்தீகளா, ஆபீசரம்மா நம்ம ஆளு! இனி நமக்கு என்ன கொறச்சல்? வாங்கக்கா, இந்தத் தேங்காயில ஒரு சில்லு எடுத்துக்கிடுங்க. மொதலாளிதான் இன்னைக்கு நல்ல நாளுன்னு பாத்துக் குடுத்தாவ.”

மோகனனைப் பார்த்தேன். சிரித்தான். தமிழில், நிதானமாகச் சொன்னான்: “உங்க ஆளுங்கதானே மேடம். உங்க கையாலதான் இவங்களுக்கு வீட்டு நம்பர் கிடைக்கணும்.”

கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. செயலாளர் தமிழ்க்காரி என்று தெரிந்துதான் தமிழ்க் குடும்பமாகப் பார்த்து முதல் மனையை மலிவாகத் தள்ளியிருக்கிறான். இவள் மறுக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டிருக்கிறான். என் கண்ணாடிக்காரச் செயலாளர் சொன்னது அந்த நிமிஷம்தான் எனக்குப் புரிந்தது. முதல் வீட்டுக்கு நம்பர் விழுந்தால், அதைக் காட்டியே அடுத்தடுத்த வீடுகள் வரும்.

இந்த மாதிரி நேரத்தில் உத்தரவைக் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புவதுதான் வழக்கம். கொடுத்தோம், கடமை முடிந்தது. நாம் வளைவு திரும்பியதும் இரண்டாவது லாரி கொட்டும். விடுமுறை முடிவதற்குள் ஏலாவின் அந்த ஓரம் மேடாகிவிடும். போலீஸ் எப்போது வரும் என்று தெரியாது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஸ்கூட்டரைக் கொண்டுபோய் அந்த ஒற்றை வழியின் குறுக்கே நிறுத்தி, பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். எந்த விதியிலும் இது கிடையாது. தேடாதீர்கள்.

பாரத்தோடு நின்ற லாரியின் டிரைவர் தென்காசிக்காரன். ஓடி வந்தான். “யக்கா, வண்டிய எடுங்க. நான் இன்னும் சாப்பிடல.”

“நானும்தான் சாப்பிடலை. இலையில சோத்தைப் போட்டு வச்சுட்டு வந்திருக்கேன். சேர்ந்தே பட்டினி கிடப்போம். உக்காரு” என்றேன். தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

கூட்டம் கூடியது. ஓணச் சாப்பாடு சாப்பிட்ட கையோடு மேட்டு வீட்டுக்காரர்கள் இறங்கி வந்தார்கள். வார்டு மெம்பரும் வந்தார். “பாவங்களாணு மேடமே. ஒரு சின்ன வீடல்லே? ஒண்ணு கண்ணடச்சூடே?” என்றார். ஏழைகள்தானே, சின்ன வீடுதானே, கண்ணை மூடிக்கொண்டால் என்ன என்று கேட்கிறார். கூட்டம் அவர் பக்கம்தான் இருந்தது. ஏழைக் குடும்பத்தின் முன்னால் அதிகாரி உட்கார்ந்து அடம்பிடித்தால் எந்த ஊர்க்காரன்தான் அதிகாரி பக்கம் நிற்பான்?

நான் எழுந்து பேச்சியம்மாளிடம் கேட்டேன். “வீடு இங்க. வீட்டுக்கு வழி எங்க?”

“ரோடு வருமுன்னு சொன்னாவக்கா. வீட்டுக்கு நம்பர் விழுந்தா பஞ்சாயத்தே ரோடு போட்டுக் குடுக்குமாம்லா.”

“எங்க போடும்? காட்டு.”

அவள் கையை நீட்டினாள். கை நீண்ட திசையில் நான் நடந்தேன். கூட்டமும் பின்னால் வந்தது. நெல்லுக்குள் மறைந்து, சிவப்புச் சாயம் பூசிய முளைக்குச்சிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அவள் மனையைத் தாண்டி அடுத்த மனை, அதைத் தாண்டி அடுத்தது, கடைசியில் தோட்டின் கரை வரைக்கும் மோகனன் அடித்து வைத்திருந்தான். ரோடு என்று அவன் சொன்னது ஏலாவைக் குறுக்கே வெட்டிப் போகிற ஒரு அணைதான்.

“மோகனா, இந்த முதல் வீடு பேச்சியம்மாளோடது. ஆறாவது வீடு யாருடையது?” என்று மலையாளத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன்.

அவன் வேட்டியைத் தூக்கிக் கட்டினான்.

கூட்டத்தின் பக்கம் திரும்பினேன். “ஏழைக்கு வீடு வேணும்னு சொல்லுறீங்க, நானும் அதைத்தான் சொல்லுறேன். இந்த ரோடு வந்தா உங்க மேட்டுத் தண்ணி எங்க வடியும்? மேட மாசக் கோடையில உங்க கிணத்துல இப்பவே வாளி அடியில தட்டுதே. ஏலாவும் போனா எங்கிருந்து ஊறும்?” ஒரு அம்மாள் தன் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் மெம்பரைப் பார்த்தார். மெம்பர் போனைப் பார்த்தார். பாயசத்துக்கு வீட்டில் காத்திருக்கிறார்கள் என்று ஒருவர் மெதுவாக நகர்ந்தார்.

போலீஸ் ஜீப் வெயில் தாழ்ந்த பிறகுதான் வந்தது. மண்ணைப் பரப்ப வந்த அதே ஜேசிபியை வைத்து, கொட்டிய மண்ணை அதே டிப்பரில் திரும்ப ஏற்ற வைத்தேன். தேங்காயும் வாழையிலையும் ஜேசிபியின் வாளிக்குள் போவதைப் பேச்சியம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு என் எதிரே வந்தாள்.

“எங்க வாயில மண்ணப் போட்டுட்டீகளே! நம்ம ஆளுன்னு நெனச்சேனே பாவி! நீங்க நல்லா இருப்பீகளா?”

சுடலைமுத்து அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து, மூடி வைத்த இலையைத் திறந்து, ஆறிப்போன சாம்பாரைப் பிசைந்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சரியாகத்தான் செய்தேன் என்று தெரியும். தெரிந்தும் அழுதேன். கணவர் பாயசத்தைச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லவே மாட்டேன். ஏலாவைக் காப்பாற்றினேன் என்று மெடல் குத்திக்கொண்டு திரிந்திருப்பேன். தடுத்தது பாதி வேலைதான். பேச்சியம்மாளின் காசு மோகனன் மடியில் இருக்கும்வரை, அந்த மூன்று சென்ட்டை விட்டால் அவளுக்கு வேறு கதியில்லை. இன்று இல்லாவிட்டால் அடுத்த ஓணத்துக்கு மண் வரும்.

விடுமுறை முடிந்ததும் அவர்கள் அறைக்குப் போனேன். உட்காருங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை, தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை. வாசலிலேயே நின்று சொன்னேன்: “பொய் சொல்லி வித்திருக்கான். போலீஸ்ல புகார் குடுங்க. நான் கூட வர்றேன்.”

அப்போதுதான் சுடலைமுத்து வாயைத் திறந்தார். “நான் வேலை பாக்கிறதே அவருக்க சைட்லதான்மா. புகார் குடுத்தா நாளைக்கு அடுப்பு எரியாது.”

படியிறங்கி வந்தேன். மனையும் போய் வேலையும் போக வேண்டுமா அவர்களுக்கு? அந்த வாரம் முழுக்க இதே யோசனை. மோகனனை எங்கே பிடித்தால் வலிக்கும்? வழக்கு அவனுக்கு வலிக்காது, வக்கீல் இருக்கிறான். முளைக்குச்சி அடித்த மற்ற மனைகளுக்கு அவன் முன்பணம் வாங்கியிருப்பான். யாரிடம்? தமிழ்க் குடும்பம் ஒன்று அமர்ந்துவிட்டால் அவர்களைக் காட்டி வேறு தமிழர்களிடம்தானே விற்பான்? ஹோட்டலில் வேலை செய்கிறவர்கள், சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவர்கள்.

பஞ்சாயத்து சார்பில் ஏலாவின் முகப்பில் ஒரு போர்டு வைத்தேன். இந்த சர்வே நம்பர்கள் வயல், இங்கே வீடு கட்ட அனுமதியும் வீட்டு நம்பரும் கிடைக்காது, ரோடு வராது என்று. மலையாளத்திலும் தமிழிலும். கமிட்டியில் ஒருவர், நம் பஞ்சாயத்தில் தமிழ் போர்டு எதற்கு என்று முறைத்தார். “ஏமாறப் போகிறவன் எந்த பாஷை படிப்பானோ அந்த பாஷையில் எழுத வேண்டும் சாரே” என்றேன். மெம்பர் எனக்கு ஆதரவாகக் கை தூக்கினார். அவர் வீட்டுக் கிணறும் அந்த மேட்டில்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை, முன்பணம் கொடுத்த தமிழர்கள் வந்து போர்டைப் படித்துவிட்டு, நேரே மோகனன் வீட்டு வாசலுக்குப் போனார்கள். கொடுத்ததைத் திருப்பிக் கொடு என்று உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஒருவரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை.

மோகனன் ஆபீசுக்கு வந்தான். இந்த முறை சிரிப்பு இல்லை. “மேடம், போர்டை எடுக்கணும்.”

“பேச்சியம்மாளுக்கு முதல்ல ஒரு வழி பண்ணு. மேட்டுல உனக்கு ரப்பர் வெட்டின நிலம் இருக்கே. அதுல மூணு சென்ட் எழுதிக் குடு. சுடலைமுத்துவை வேலையை விட்டு நிறுத்தினேன்னு என் காதுல விழக்கூடாது. அப்புறம் பேசலாம்.”

மாதம் திரும்புவதற்குள் பத்திரம் பதிந்து கொண்டுவந்து மேஜையில் வைத்தான். “இனி போர்டு?”

“பேசலாம்னுதானே சொன்னேன்? பேசறேன், கேட்டுக்கோ. போர்டு அங்கேயேதான் இருக்கும்.”

அவன் போட்ட சத்தத்தில் கிளார்க்குகள் எழுந்து வந்துவிட்டார்கள். எடுக்கிறேன் என்று நான் சொல்லவே இல்லை. பிள்ளைகளே, இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஏழைக்கு நிலம் கிடைக்க நான் சாமர்த்தியம் பண்ணினேன். பண்ணலாம். ஆனால் அதற்கு விலையாக ஏலாவைக் கொடுத்திருந்தால், எனக்கும் மோகனனுக்கும் என்ன வித்தியாசம்? அது நான் விற்கிற பொருள் இல்லை.

மேட்டில் பேச்சியம்மாள் வீடு எழும்பியது. சுடலைமுத்து தன் கையாலேயே கட்டினார். பால் காய்ச்சியதற்கு எனக்கு அழைப்பு வரவில்லை. வீட்டு நம்பரை வாங்க அவள்தான் ஆபீசுக்கு வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். கதவு வரைக்கும் போய்த் திரும்பி, “அந்தப் புரட்டாசி மழையில போய்ப் பாத்தேன்க்கா. நாங்க தேங்கா ஒடச்ச எடத்துல இடுப்பளவு தண்ணி நிக்கி” என்றாள். போய்விட்டாள்.

நான் ஓய்வு பெற்றேன். போன திருவோணம். இலை போட்டு உட்கார்ந்தேன். போன் அடித்தது. தெரியாத எண்.

“அக்கா, பேச்சி பேசுதேன். லாரி வந்துருக்கு. தோட்டுக்கு அந்தப் பக்கம். நான் முன்னால நிக்கேன், நவுள மாட்டேங்கான். சீக்கிரம் வாங்க.”

“நான் ரிட்டையர் ஆயிட்டேன் பேச்சி. எனக்கு இப்ப எந்த அதிகாரமும் இல்லை. செயலாளரைக் கூப்பிட்டியா?”

“கூப்பிட்டேன், அடிச்சிக்கிட்டே கெடக்கு. வில்லேஜ் ஆபீசும் எடுக்கல. நல்ல நாளும் பொழுதுமா எந்த ஆபீசர் போன எடுப்பாவ? நீங்கதான் எடுப்பீக.”

கணவர் என் இலையை ஒரு தட்டால் மூடினார். நான் போனபோது அவள் லாரிக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மேட்டு வீட்டுப் பெண்களும் சிலர் இருந்தார்கள். என் ஸ்கூட்டரைப் பார்த்ததும் அவள் டிரைவரிடம், “இந்தா வந்துட்டாவல்லா. இனி இந்த வண்டி குறுக்க நிக்கும், போவியா?” என்றாள். அந்த முறை போலீஸ் கொஞ்சம் சீக்கிரமே வந்தது.

கடைசி பெஞ்சுப் பெண்ணே, ஏலா எப்படிச் சுருங்குகிறது என்று கேட்டாயே. நாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சுருங்குகிறது. அந்தப் பஞ்சாயத்துக்கு இப்போது செயலாளராகப் போகிறவள் நீதான் என்று கேள்விப்பட்டேன். பேச்சியிடம் உன் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். திருவோணத்தன்று கூப்பிடுவாள். இலையை மடக்காதே, மூடி வைத்துவிட்டு எழுந்து போ. சாம்பார் ஆறிப்போகும். திரும்பி வந்து சாப்பிடலாம்.